பல் கிளிப்: போடுவதைவிட முடிப்பதே முக்கியம்



கல்வி உதவி, மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் அண்மைக் காலமாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "பிள்ளைக்குப் பல் கிளிப் போட வேண்டும்". பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு எண்ணூரிலோ எர்ணாவூரிலோ கிளிப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதே அரிது. இன்று நம் மதரஸா வகுப்புகளிலேயே கிளிப் போட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல மாற்றம்தான்.

ஆனால் இன்னொரு வகை மனுவும் வருகிறது. அது, ஏற்கெனவே போட்ட கிளிப்பைத் தொடர முடியாதவர்களின் மனு. ஒரு தாயார் தன் மகனை அழைத்து வந்தார். கணவருக்கு ஒப்பந்த வேலை நின்றதும் மருத்துவரிடம் போவதையும் நிறுத்திவிட்டார்கள். கம்பி அப்படியே வாயில் இருந்தது. ஓராண்டுக்கும் மேல் யாரும் பார்க்கவில்லை. ஈறு வீங்கி, பல் துலக்கினால் ரத்தம் வந்தது. கிளிப்பின் ஓரமெல்லாம் பல் வெளுத்துக் குழி விழத் தொடங்கியிருந்தது. கோணல் பல்லை நேராக்கப் போய், நல்ல பல்லே சொத்தையாகும் நிலை.

கிளிப் போடுவது ஒரு நாள் வேலை. அதை முடிப்பது இரண்டு வருட வேலை. அந்த இரண்டு வருடத்தில் மருத்துவர் பார்ப்பது மாதம் ஒரு முறை, சில நிமிடங்கள். மீதி நாளெல்லாம் சிகிச்சை நடப்பது நம் வீட்டில்தான். ஆகவே தொடங்கும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறோம்.

இது ஆகுமானதா?

முதலில் பலரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இதுதான். அல்லாஹ் படைத்ததை மாற்றுவதாகாதா? அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கிக்கொள்வதைக் கண்டிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றிருக்கிறது. அதை அறிந்தவர்களுக்கு இந்த ஐயம் வருவது இயல்பு.

உலமாக்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார்கள். குறை இல்லாத பல்லை நாகரிகத்துக்காக அராவுவதும் இடைவெளி விடுவதும் ஒன்று. மெல்லவும் பேசவும் துலக்கவும் தடையாக இருக்கும் குறையைச் சரிசெய்வது வேறொன்று. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்து வைத்து, அது நாற்றமெடுத்தபோது, தங்கத்தில் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளது. குறையை நீக்கும் சிகிச்சைக்கு உலமாக்கள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள்.

எது குறை? மேல் பல்வரிசை மிகவும் முன்னே துருத்தி உதடு மூட முடியாமல் இருப்பது. கீழ்த் தாடை மேல் தாடையைத் தாண்டி முன்னே நிற்பது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பிரஷ் நுழையாமல் சொத்தை விழுவது. வாயை மூடினால் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விடுவது. கீழ்ப்பல் மேலண்ணத்தைக் குத்துவது. துருத்திய முன்பல் உள்ள பிள்ளை விழுந்தால், முதலில் உடைவது அந்தப் பல்தான். இவையெல்லாம் சிகிச்சைக்கு உரியவை. லேசான ஒரு கோணல், மெல்லவும் துலக்கவும் எந்தத் தொல்லையும் தராமல் இருந்தால், "இதற்குச் சிகிச்சை அவசியமா, விட்டால் என்ன ஆகும்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் நேராகப் பதில் சொல்வார்.

பல் எப்படி நகர்கிறது?

பல் தாடை எலும்பில் ஆணி போல் அறையப்பட்டிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் வேருக்கும் எலும்புக்கும் நடுவே, ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு அளவே தடிமனுள்ள நார்ப் படலம் ஒன்று இருக்கிறது. பல் அதில்தான் தொங்குகிறது. கம்பி மெதுவாக ஒரு பக்கம் தள்ளும்போது, அந்தப் பக்கத்து எலும்பை உடலே கரைக்கிறது. பல் விட்டு வந்த பக்கத்தில் புதிய எலும்பை உடலே வளர்க்கிறது. நம் கழிமுகத்தில் சேற்றில் நட்ட மூங்கிலை நினைத்துப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால் சேறு வழிவிட்டு, பின்னால் வந்து மூடிக்கொள்ளும். ஒரேயடியாக இழுத்தால் மூங்கில் முறியும்.

பல்லும் அப்படித்தான். பொதுவாக மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே நகரும். இறுக்கமாகப் போட்டால் சீக்கிரம் முடியும் என்பது தவறு. அளவுக்கு மீறிய விசை வேரின் நுனியைத் தேய்த்துவிடும். அதனால்தான் சாதாரணமாக ஒன்றரை வருடம் முதல் இரண்டு வருடம் வரை ஆகிறது. சிக்கலான வாய்க்கு இன்னும் கூடும். "மூன்றே மாதத்தில் நேராக்கித் தருகிறோம்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால், முதலில் சந்தேகப்படுங்கள்.

நிக்காஹ் தேதியைக் குறித்துவிட்டு, "அதற்குள் முடித்துக் கொடுங்கள் டாக்டர்" என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறோம். கம்பியோடு நிக்காஹ் நடப்பதில் எந்தக் குறைவும் இல்லை. அவசரத்தில் பாதியில் கழற்றினால்தான் நஷ்டம். பெரியவர்களுக்கும் இந்தச் சிகிச்சை செய்யலாம். முப்பதிலும் நாற்பதிலும் பல் நகரும். ஆனால் ஈறு ஆரோக்கியமாக இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைத்த பிறகே தொடங்க வேண்டும். கருவுற்றிருக்கும் பெண்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பால் பல்லிலிருந்தே தொடங்குங்கள்

"எப்படியும் விழப்போகிற பல்தானே" என்று சொத்தை விழுந்த பால் பல்லைக் கவனிக்காமல் விடுவது நம் வீடுகளில் வழக்கம். பால் பற்கள் இருபதும் பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கின்றன. கடைவாய்ப் பால் பல் சொத்தையாகி நேரத்துக்கு முன் பிடுங்கப்பட்டால், பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். நிலைப்பல் வரும்போது இடம் இருக்காது, கோணலாக முளைக்கும். அப்படிப் பிடுங்க நேர்ந்தால், இடத்தைக் காக்க ஒரு சிறு கம்பி வளையம் வைக்க முடியுமா என்று அப்போதே கேளுங்கள். பின்னால் வரும் பெரிய செலவை அது தடுக்கக்கூடும்.

நான்கைந்து வயதைத் தாண்டியும் விரல் சூப்புவது, எப்போதும் வாய் திறந்து மூச்சுவிடுவது ஆகியவையும் பல்வரிசையைக் கெடுக்கும். இரவில் குறட்டைவிட்டு, வாயால் மூச்சுவிடும் பிள்ளையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சி காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் கிளிப் மட்டும் போட்டால் பயன் நிலைக்காது.

ஏழு வயதில் ஒரு முறை பல்வரிசையைக் காட்டிவிடுவது நல்லது. காட்டினால் உடனே கிளிப் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிலைப்பற்கள் வந்தபின், பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் தொடங்குவதே வழக்கம். தாடை வளர்ச்சியில் குறை இருந்தால் மட்டும் வளரும் வயதிலேயே பிடிக்க வேண்டும். உதடு பிளவு, அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கு அறுவைச் சிகிச்சையோடு பல் சீரமைப்பும் தேவைப்படும். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் இந்தப் பிளவும் பல் குறைகளும் அடங்கும். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் பிள்ளையை விடுப்பெடுக்க வைக்காதீர்கள்.

தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

பல் மருத்துவர் எல்லோரும் பி.டி.எஸ். படித்தவர்கள். அதன்மேல் மூன்று ஆண்டு எம்.டி.எஸ். படிப்பில் பல் சீரமைப்பைத் தனித் துறையாகப் படித்தவரே இதற்கான சிறப்பு மருத்துவர். உங்கள் தெரு மருத்துவமனையில் அவர் தினமும் இருக்க வேண்டும் என்பதில்லை. மாதத்தில் சில நாட்கள் வருபவராக இருக்கலாம். யார் பார்க்கிறார், எந்த நாளில் வருவார், நடுவில் கம்பி உடைந்தால் யாரிடம் போவது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைக் கேட்கும்போது கிளிப் விலையை மட்டும் கேட்காதீர்கள். எக்ஸ்ரே, அச்சு எடுப்பது, பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதன் கட்டணம், மாதாமாதம் வரும்போது கட்டும் தொகை, பிராக்கெட் உதிர்ந்தால் மறுபடி ஒட்டும் கட்டணம், முடிவில் போடும் ரிட்டெய்னர் ஆகிய அனைத்தையும் சேர்த்து மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். பல குடும்பங்கள் பாதியில் நிற்பதற்குக் காரணம் கிளிப் விலை அல்ல. சொல்லாமல் விட்ட இந்தச் சில்லறைச் செலவுகள்தான். இதோடு போக்குவரத்தையும், அன்றைய நாள் கூலி இழப்பையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தவணையாகக் கட்ட முடியுமா என்றும் கேளுங்கள். வட்டிக் கடனில் இதைத் தொடங்க வேண்டாம்.

உலோகக் கிளிப்பே விலை குறைந்தது, உறுதியானதும் கூட. பல் நிறத்தில் வரும் பீங்கான் கிளிப் விலை கூடியது, சற்று உடையக்கூடியது. வெளியே தெரியாத, கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறைகள் எல்லாவற்றையும்விட விலை அதிகம். நாளுக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் மாட்டியிருந்தால்தான் அவை பலன் தரும். சாப்பிடக் கழற்றிவிட்டு மாட்ட மறக்கும் பிள்ளைக்கு அது ஏற்றதல்ல. மருத்துவரை நேரில் பார்க்காமல், கூரியரில் வரவழைக்கும் உறைகளை நம்பி இறங்க வேண்டாம்.

பல் பிடுங்கச் சொன்னால் பயந்துவிடாதீர்கள். இடம் மிகக் குறைவாக உள்ள வாயில் முன்கடைவாய்ப் பற்களை எடுத்துத்தான் மற்றவற்றை வரிசைப்படுத்த முடியும். எல்லோருக்கும் அது தேவையில்லை. ஏன் தேவை என்று எக்ஸ்ரேயை வைத்து விளக்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நிக்கல் நகை, வாட்ச் பட்டை பட்டால் தோல் அரிக்கும் பிள்ளையாக இருந்தால் முன்பே சொல்லுங்கள். கம்பியில் நிக்கல் கலந்திருக்கும்.

பெண் பிள்ளைகளுக்குப் பெண் மருத்துவர் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம் ஊர்ப் பக்கம் பல் மருத்துவத்தில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். சிகிச்சைக்கு முகத்தையும் பல்லையும் படம் எடுப்பார்கள். அது ஆவணத்துக்குத் தேவையானது. அந்தப் படங்களை விளம்பரத்திலோ முகநூலிலோ போடக்கூடாது என்று எழுத்தில் சொல்லி வையுங்கள்.

அரசுப் பல் மருத்துவமனை

தனியார் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு நம் பகுதியிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கிய நிறுவனம் அது. கோட்டை ரயில் நிலையத்தின் அருகே முத்துசாமி சாலையில் உள்ளது. எண்ணூர், கத்திவாக்கம் நிலையங்களில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கலாம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினாலும் சென்ட்ரல் வரும். அங்கிருந்து சிறிது தூரம்தான்.

அங்கே பல் சீரமைப்புக்கெனத் தனித் துறை உண்டு. பேராசிரியர்களின் மேற்பார்வையில் மேற்படிப்பு மருத்துவர்கள் சிகிச்சை செய்வார்கள். செலவு தனியாரைவிட மிகக் குறைவு. ஆனால் கூட்டம் அதிகம். முதலில் வெளிநோயாளிப் பிரிவில் பதிந்து, பரிசோதனை முடிந்து, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வார நாட்களில் காலையில் போக வேண்டியிருக்கும் என்பதால் பள்ளி விடுப்பையும் வேலை விடுப்பையும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். சிகிச்சை முடியும் முன் அந்த மேற்படிப்பு மருத்துவர் படிப்பை முடித்துப் போய்விட்டால், அடுத்து யார் பார்ப்பார் என்பதைக் கேட்டு, நோயாளி எண்ணையும் அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள். காத்திருப்பு எரிச்சலூட்டும்தான். ஆனாலும் கடனாளியாவதைவிடக் காத்திருப்பது மேல்.

முதல் வாரமும் சாப்பாடும்

கிளிப் போட்ட நாளும், ஒவ்வொரு முறை கம்பி மாற்றிய பிறகும் இரண்டு மூன்று நாள் வலி இருக்கும். கடித்தால் கூசும். ஒரு வாரத்தில் அடங்கிவிடும். வலி மாத்திரை எது, எத்தனை என்று மருத்துவரிடமே கேளுங்கள். உதட்டின் உள்ளே கிளிப் உரசிப் புண்ணானால், வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்புளித்து, மருத்துவர் தரும் மெழுகை உருட்டி அந்த பிராக்கெட்டின் மேல் அழுத்தி வைக்கலாம்.

அந்த நாட்களுக்கு நம் சமையலறையிலேயே நல்ல உணவு இருக்கிறது. நோன்புக் கஞ்சி, இடியாப்பத்தைப் பாலில் ஊற வைத்தது, குழைந்த பருப்புச் சோறு, முள் எடுத்த மீன், முட்டை, வாழைப்பழம், தயிர். பெருநாள் வீட்டில் வட்டிலப்பம் கவலையில்லாமல் சாப்பிடலாம். சாப்பிட்டவுடன் துலக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒதுக்க வேண்டியவை: முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், வறுத்த கடலை, ஐஸ் கட்டி, கரும்பு, சோளக்கதிரைக் கடித்துத் தின்பது, சூயிங்கம், ஒட்டும் மிட்டாய். பிரியாணியில் இறைச்சியை எலும்பிலிருந்து பிரித்துத்தான் சாப்பிட வேண்டும்; எலும்பைக் கடிக்கக் கூடாது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது நண்டு. நண்டுக் காலைப் பல்லால் உடைத்தால் அன்றைக்கே பிராக்கெட் உதிரும். உம்மா உடைத்துச் சதையை எடுத்துக் கொடுக்கட்டும். கொய்யா, ஆப்பிள், கேரட் எல்லாம் சிறு துண்டாக நறுக்கிக் கடைவாயில் மெல்லலாம். பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி, சிறிதாகக் கிள்ளிச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துவிடுங்கள்.

பேனா மூடி கடிப்பது, நகம் கடிப்பது, பாட்டில் மூடியைப் பல்லால் திறப்பது ஆகிய பழக்கங்களை விட வேண்டும். கால்பந்து, கிரிக்கெட், குத்துச்சண்டை பழகும் பிள்ளைகள் கிளிப்புக்கேற்ற வாய்க் கவசம் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். வட சென்னையில் இந்த விளையாட்டுகள் நம் பிள்ளைகளை விடாது.

ஒவ்வொரு முறை பிராக்கெட் உதிரும்போதும் சிகிச்சை சில வாரம் பின்தங்கும். அடிக்கடி உதிர்ந்தால் இரண்டு வருடம் மூன்று வருடமாகும்.

துலக்குவதுதான் பாதி சிகிச்சை

கிளிப்பைச் சுற்றிச் சோற்றுப் பருக்கையும் மாவும் தங்கும். அதில் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும். சரியாகத் துலக்காத வாயில் ஒரே மாதத்தில்கூட வெள்ளைப் புள்ளிகள் தோன்றிவிடும். கிளிப்பைக் கழற்றிய பிறகும் அந்தத் தழும்பு தங்கிவிடலாம். பல் நேராகிவிட்டது, நிறம் போய்விட்டது என்றால் என்ன பயன்?

காலையும் இரவும் ஃபுளூரைடு உள்ள பற்பசையால், மென்மையான பிரஷ் கொண்டு துலக்க வேண்டும். பிரஷ்ஷைக் கம்பிக்கு மேலே சாய்த்து ஒரு முறை, கம்பிக்குக் கீழே சாய்த்து ஒரு முறை, பின் உள்புறமும் மெல்லும் பரப்பும். கம்பிக்கு அடியில் நுழைய, மருந்துக் கடையில் கிடைக்கும் சிறு கூம்பு பிரஷ் வாங்குங்கள். மதிய உணவுக்குப் பின் பள்ளியில் நன்றாகக் கொப்புளிக்க வேண்டும். பல்பொடியை விரலால் தேய்ப்பது கிளிப் போட்ட வாய்க்குப் போதாது. ஈறில் ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். சரியாகத் துலக்கவில்லை என்பதன் அடையாளம்தான் அது.

மிஸ்வாக் நம் நபி (ஸல்) அவர்கள் மிகவும் வலியுறுத்திய சுன்னத். கிளிப் போட்டவர்களும் மிஸ்வாக் செய்யலாம். நாரை நன்றாக மென்மையாக்கி, அழுத்தாமல் பயன்படுத்துங்கள். ஆனால் கம்பியின் அடியில் அது நுழையாது. எனவே மிஸ்வாக்கோடு பிரஷ்ஷும் வேண்டும்.

நோன்பு, ஒளு, குளிப்பு

நோன்பு நாட்களில் சஹர் முடிந்ததும் படுத்துவிடாமல், பஜ்ருக்கு முன் நன்றாகத் துலக்கிவிடுங்கள். இஃப்தாருக்குப் பின் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. சர்பத்தையும் ரோஸ் மில்க்கையும் தராவீஹ் முடிந்து நள்ளிரவுவரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதுதான் பல்லுக்குக் கெடுதல். ஒரே தடவையாகக் குடித்துவிட்டுத் தண்ணீரால் கொப்புளியுங்கள்.

நோன்போடு கம்பி மாற்றப் போகலாமா? தண்ணீரோ மருந்தோ தொண்டைக்குள் இறங்காதவரை பல் சிகிச்சையால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. பேணுதலுக்காக இஃப்தாருக்குப் பிந்திய நேரத்தைக் கேட்டு வாங்கலாம். ஆனால் ரமளான் வந்துவிட்டது என்று மாதம் முழுவதும் மருத்துவரிடம் போகாமல் விடாதீர்கள்.

ஒட்டியிருக்கும் கிளிப்பின் அடியில் தண்ணீர் போகாதே, கடமையான குளிப்பு நிறைவேறுமா என்றும் கேட்கிறார்கள். வாய் கொப்புளிப்பது குளிப்பில் ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளு. ஷாஃபி மத்ஹபில் சுன்னத். சிகிச்சைக்காக ஒட்டப்பட்டு, கழற்ற முடியாதது சிரமத்தின் காரணமாக மன்னிக்கப்பட்டது என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். கழற்றி மாட்டும் உறையாகவோ ரிட்டெய்னராகவோ இருந்தால் கழற்றிவிட்டுக் கொப்புளிக்க வேண்டும். இன்னும் ஐயம் இருந்தால் நம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

இடையில் ஏதாவது நேர்ந்தால்

பிராக்கெட் உதிர்ந்தால் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் வைத்து, மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அடுத்த மாத முறைக்குக் காத்திருக்க வேண்டாம். கம்பி முனை கன்னத்தைக் குத்தினால் மெழுகு வைத்து மூடுங்கள். வீட்டில் கட்டிங் பிளேயரால் வெட்ட முயல வேண்டாம். துண்டு தொண்டைக்குள் போய்விடும். முகம் வீங்கினாலோ, காய்ச்சலோடு பல் வலித்தாலோ, ஏதேனும் துண்டை விழுங்கி மூச்சு திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மாட்டச் சொன்ன ரப்பர் வளையத்தைச் சொன்ன நேரமெல்லாம் மாட்ட வேண்டும். பகலில் கழற்றிவிட்டு, மருத்துவரிடம் போகிற அன்று மட்டும் மாட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள் உண்டு. மருத்துவரை ஏமாற்றலாம், பல்லை ஏமாற்ற முடியாது. மாதமானாலும் கடவாய் பொருந்தாமல் அப்படியே நிற்கும். வாப்பாவோ உம்மாவோ இதை மட்டும் தினமும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

பணம் நின்றால், ஊர் மாறினால்

இதுதான் நாங்கள் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது. வேலை போகலாம், வாப்பா வெளிநாடு போகலாம், வீடு மாறலாம். எது நடந்தாலும் யாரும் பார்க்காத கம்பியை வாயில் விட்டுவைக்காதீர்கள். கம்பி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். யாரும் திசை காட்டாவிட்டால் பல் போகக் கூடாத பக்கம் போகும். அழுக்கும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

பணம் இல்லையென்றால் வெட்கப்பட்டு ஒளியாதீர்கள். மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள். தவணையைத் தள்ளிப் போடலாம். கம்பியை மட்டும் மாற்றாமல் பிடித்துவைக்கச் சொல்லலாம். முடியவே முடியாதென்றால் கிளிப்பைப் பத்திரமாகக் கழற்றிவிடச் சொல்லலாம். கழற்றிய பல் மறுபடி கோணலாகலாம், ஆனால் சொத்தையாகும் அபாயம் குறையும். பின்னால் நிலைமை சீரானதும் மறுபடி தொடங்க முடியும். ஊர் மாறுவதாக இருந்தால் எக்ஸ்ரே, படங்கள், அச்சு, சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். புதிய மருத்துவர் தொடர அவை வேண்டும்.

கிளிப் கழற்றிய பிறகு

கிளிப்பைக் கழற்றும் நாளில் இனிப்பு வழங்கிவிட்டுச் சிகிச்சை முடிந்தது என்று நினைப்பதுதான் கடைசித் தவறு. பல்லைச் சுற்றியுள்ள நார்கள் புதிய இடத்துக்குப் பழக ஓராண்டுவரை ஆகும். அதுவரை பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவதே ரிட்டெய்னர். மருத்துவர் சொல்லும் காலம்வரை பகலும் இரவும், பிறகு இரவில் மட்டும் என மாட்ட வேண்டும். இரவில் மாட்டுவது நீண்ட காலப் பழக்கமாக இருப்பது நல்லது. சிலருக்குப் பல்லின் பின்புறத்தில் மெல்லிய கம்பி ஒட்டிவிடுவார்கள். அதையும் துலக்க வேண்டும்.

ரிட்டெய்னரைச் சுடுநீரில் கழுவினால் வளைந்து கெட்டுவிடும்; குளிர்ந்த நீரில், மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். அதிகம் தொலைவது வலீமா விருந்துகளில்தான். சாப்பிடக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலைப் பக்கத்தில் வைப்பார்கள், இலையோடு போய்விடும். டப்பா இல்லாமல் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டாம். தொலைந்தால், "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று விடாமல் அந்த வாரமே புதிது செய்யுங்கள். இரண்டு வருட உழைப்பையும் செலவையும் சில மாதத்தில் இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

எங்கள் வேண்டுகோள்

கிளிப் சிகிச்சைக்கு உதவி வேண்டுவோர், தொடங்குவதற்கு முன்பே அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். மருத்துவர் தந்த மதிப்பீட்டுத் தாளையும், குடும்ப வருமானத்தையும் வைத்து இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். தனியாரிடம் தேவையா, அரசு மருத்துவமனை போதுமா, இப்போது அவசரமா, இரண்டு வருடம் தள்ளலாமா என்று பேசி முடிவெடுப்போம். ஏற்கெனவே கம்பி வாயில் இருந்து, சிகிச்சை நின்றுபோயிருந்தால் இன்னும் சீக்கிரம் வாருங்கள். யாரையும் ஏன் நிறுத்தினீர்கள் என்று கடிந்துகொள்ள மாட்டோம். முதலில் அந்தக் கம்பியை மருத்துவரிடம் காட்ட வழி செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். தொடங்கியதை நல்லபடியாக முடிக்கும் பொறுமையையும், அதற்குரிய ஹலாலான வசதியையும் அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்